எந்த ரெண்டு புள்ளிக்கு நடுவில?

ஓ.எல். விஞ்ஞானப் பரீட்சை எழுதின எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஞாபகம் இருக்கும். ஒரு மின்கலம், பக்கத்தில் பக்கத்தில் ரெண்டு தடையி, தள்ளி இன்னொரு தடையி. கீழே "சுற்றின் சமவலுத் தடையைக் காண்க." தொடராக இருந்தால் கூட்டு. சமாந்தரமாக இருந்தால் ஒவ்வொன்றையும் ஒன்றின் கீழ் போட்டுக் கூட்டி, வந்த விடையைத் தலைகீழாகப் புரட்டு. ஓம் அடையாளத்தையும் போட்டுவிட்டால் முழுப் புள்ளி. பரீட்சை முடிந்து ஒரு கிழமையில் முக்கால்வாசிப் பேருக்கு அது மறந்துபோகும். ஏ.எல். கலைப்பிரிவுக்குப் போனவர்களிடம் "இனி உங்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது" எண்டு நேரடியாகவே சொல்லிவிடுவார்கள்.

நான் கலைப்பீடத்தில்தான் படிக்கிறேன். தேவைப்படாது எண்டு சொன்ன அந்த ஒரு வசனத்தோடதான் எனக்குச் சண்டை. சமவலுத் தடை என்பது விஞ்ஞானப் பிரிவுக்காரரின் தனிச்சொத்து இல்லை. அதை வெறும் சூத்திரமாகப் படிப்பிப்பதும் படிப்பிக்காமல் விடுவதும் கிட்டத்தட்ட ஒண்டுதான். ஒரு மேசை, ஒரு மல்டிமீற்றர், ஒரு கைப்பிடி தடையி இருந்தால் யாரும் அதைக் கையால தொட்டுப் படிக்கலாம். திருகோணமலை மாதிரி இடங்களில் அது வெறும் பொழுதுபோக்கும் இல்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன் எண்டு கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில கிடைக்காத தடையி

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். ஒரு 9 வோல்ற்று மின்கலத்தில் சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றை எரிய வைக்க வேண்டும். எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். மீதி 7 வோல்ற்றைத் தடையி தாங்க வேண்டும். 20 மில்லிஅம்பியர் ஓட்டம் போதும் எண்டு வைத்தால், ஓமின் விதிப்படி 350 ஓம் தேவை. கடைக்குப் போய் "350 ஓம் ஒண்டு தாங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கள். இல்லை எண்டுதான் சொல்லுவார்கள். சாதாரணமாகக் கிடைக்கிற தடையிகள் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்ற வரிசையில், அவற்றின் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்றுதான் வரும். 330 இருக்கும், 390 இருக்கும். 350 இருக்காது.

இனி உங்களிடம் 1 கிலோஓம் தடையிகள் மட்டும் பத்து இருக்குது எண்டு வையுங்கோ. மூன்றை எடுத்துச் சமாந்தரமாகப் பிணைத்தால் 333 ஓம். 21 மில்லிஅம்பியர் போகும், எல்.ஈ.டி. சந்தோசமாக எரியும். சூடும் மூன்று பேருக்குள்ள பங்கு போகும். பரீட்சைத் தாளில் சமவலுத் தடை என்பது சிக்கலான படத்தை ஒரு எண்ணாகச் சுருக்குகிற வேலை. மேசையில் அது பெரும்பாலும் மறுபக்க வேலை. தேவையான எண் தெரியும். கையில இருக்கிறதை வைத்து அந்த எண்ணைக் கட்டி எழுப்ப வேண்டும். இந்தத் திசையில் யோசிக்க எங்களைப் பள்ளிக்கூடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்னொன்று. தடையியின் கடைசி வளையம் தங்க நிறமாக இருந்தால் பெறுமானம் 5 சதவீதம் கூடலாம், குறையலாம். 1000 எண்டு நிறம் சொல்லும், உண்மையில் 950 முதல் 1050 வரை எதுவும் இருக்கலாம். கல்குலேற்றர் காட்டுகிற 333.333 என்ற விடையில் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற மூன்றுகளுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. எந்த அளவு துல்லியம் போதும் என்று தெரிவதும் அறிவுதான். அதை எந்தச் சூத்திரமும் சொல்லித் தராது.

எங்கட பாலையூற்றுப் பக்கம் ரேடியோ, மின்விசிறி திருத்துகிற அண்ணா ஒருவரிடம் இருந்துதான் அடுத்த விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "தங்கச்சி, போட்டில இருக்கிற தடையியை அப்படியே அளந்தால் குறைச்சுத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பழுது எண்டு தூக்கி எறியக் கூடாது. ஆனால் கூட்டிக் காட்டினால் யோசிக்காத, அது பழுதுதான்." அவர் சமவலுத் தடை என்ற சொல்லைப் பாவிக்கவே இல்லை. ஆனால் சொன்னது அதைத்தான். போட்டில் இருக்கிற தடையிக்கு வேறு பாகங்கள் வழியாகச் சமாந்தரப் பாதைகள் இருக்கும். சமாந்தரமாக எதைச் சேர்த்தாலும் தடை குறையுமே தவிரக் கூடாது. ஆகவே குறைந்த அளவுக்கு நியாயம் இருக்கலாம், நிறத்தில் எழுதியிருப்பதை விட நல்லாக் கூடின அளவுக்கு இல்லை. (மின்சாரத்தை நிறுத்தி, கொள்ளளவிகள் வெறுமையான பிறகு அளந்தால்தான் இது சரி.) பரீட்சைத் தாளில் ஒரு வரியாக இருக்கிற விதி, ஒரு மனிதரின் தொழிலில் இப்படி உயிரோட இருக்கிறது.

எங்கட வீதியும் ஒரு சுற்றுத்தான்

தொடரில் பெரிய தடைதான் தீர்மானிக்கும், சமாந்தரத்தில் சின்னத் தடைதான் தீர்மானிக்கும். இதை விளங்கிக்கொள்ள இந்த மாவட்டத்து ஆக்களுக்குப் படமே தேவையில்லை. பாலங்கள் வருவதற்கு முந்தின காலத்தில் ரவுணிலிருந்து மூதூருக்குத் தரைவழியாகப் போன கதையைப் பெரியாக்களிடம் கேளுங்கள். ஒரு பாதையில் ஏறி இறங்கி, கொஞ்சத் தூரம் போய், இன்னொரு பாதைக்குக் காத்திருந்து... ஒன்றன் பின் ஒன்றாகக் காத்திருப்புகள். அது தொடர். நடுவில் உள்ள வீதியை எவ்வளவு வடிவாகப் போட்டாலும் பயண நேரம் பெரிசாகக் குறையாது. நேரத்தைத் தின்றது பாதைக்கரைதான். கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து ஓடின லோஞ்ச் அதற்குச் சமாந்தர வழி. ஆக்கள் அதைத்தான் தேடிப் போனார்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தபோது தொடரில் இருந்த ஒரு பெரிய தடை இல்லாமல் போனது.

ஒப்புமை முழுக்கப் பொருந்தாது எண்டும் சொல்ல வேண்டும். மின்னோட்டம் ஒரே வழியால் மட்டும் போகாது, எல்லா வழியாலும் தடைக்கு ஏற்றபடி பங்கு பிரிந்து போகும். "மின்சாரம் தடை குறைஞ்ச வழியாலதான் போகும்" எண்டு பலர் சொல்லுறது சரியில்லை. 10 ஓமும் 1000 ஓமும் சமாந்தரமாக இருந்தால் 1000 ஓம் வழியாலும் நூறில் ஒரு பங்கு போய்க்கொண்டுதான் இருக்கும்.

டைனமோவும் எரிஞ்ச பல்பும்

இது எங்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமில்லை எண்டு சொன்னதற்குக் காரணம் எங்கட வரலாற்றிலேயே இருக்கிறது. 1990களில் யாழ்ப்பாணத்தில் வருஷக்கணக்கில் மின்சாரம் இல்லை. ரோர்ச் பற்றரிகூடக் கொண்டுபோகத் தடை செய்யப்பட்ட பொருள். சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டது. வன்னியிலும் அதே கதை. எங்கட தலைமுறை இதை வீடுகளில் கேட்டு வளர்ந்திருக்கும். வழமையாக இந்தக் கதையைச் சொல்லும்போது கஷ்டத்தைச் சொல்லுவோம், விடாமுயற்சியைச் சொல்லுவோம். அதற்குள் இருந்த மின்னியலைச் சொல்லமாட்டோம். அதையும் சொல்ல வேண்டும் எண்டுதான் நான் நினைக்கிறேன்.

சாதாரண சைக்கிள் டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. முன் விளக்கு 2.4 வாற்று, பின் விளக்கு 0.6 வாற்று. கணக்குப் போட்டால் எரியும்போது முன் விளக்கு 15 ஓம், பின் விளக்கு 60 ஓம். ரெண்டும் சமாந்தரம். சமவலுத் தடை சரியாக 12 ஓம். 6 வோல்ற்றை 12 ஓமால் பிரித்தால் அரை அம்பியர். டைனமோ அந்த அளவுக்கெண்டே செய்யப்பட்டது.

இப்ப பின் பல்பு எரிஞ்சு போச்சு எண்டு வையுங்கோ. வீட்டு மின்சாரம் எண்டால் ஒரு பல்பு போனால் மற்றதுக்கு ஒண்டும் நடக்காது. டைனமோ அப்படி இல்லை. ஓரளவு வேகத்துக்கு மேல் அது ஏறத்தாழ ஒரே அளவு ஓட்டத்தையே தள்ளப் பார்க்கும். அந்த அரை அம்பியரும் இனி 15 ஓம் வழியால்தான் போக வேண்டும். முன் பல்பில் 6 வோல்ற்றுக்குப் பதிலாக 7.5 வோல்ற்று. வழமையை விடப் பளிச்செண்டு எரியும், கெதியில் அதுவும் போகும். பழைய சைக்கிள்காரர் "பின் லைற் போனால் முன் லைற்றும் போகும்" எண்டு சொல்லுவது சும்மா இல்லை.

வானொலிக்கு இன்னும் சிக்கல். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு நேரோட்டம் வேணும். இருவாயிகளால் திருத்தி, கொள்ளளவியால் அலையைச் சமப்படுத்த வேண்டும். வானொலி எடுக்கிற ஓட்டம் கொஞ்சம்தான், அதாவது அதன் தடை கூட. சுமை குறைந்தால் டைனமோவின் அழுத்தம் எகிறும். விளக்கையும் சமாந்தரமாகக் கொழுவிவிட்டால் மொத்தச் சமவலுத் தடை குறைந்து அழுத்தம் அடங்கும். இப்படியான ஒவ்வொரு முடிவும் சமவலுத் தடைக் கணக்குத்தான். வானொலியைப் பாட வைத்தவர்களில் எத்தனை பேர் அதைத் தாளில் போட்டிருப்பார்கள்? கையில இருந்தது. அந்தக் கையறிவு எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் கவலை. வரலாறும் சமூகவியலும் படிக்கிறவர்களுக்கு இங்கே வேலை இருக்கு. ஆனால் ஓட்டம் எது அழுத்தம் எது எண்டு தெரியாதவர் போய் அந்தப் பெரியவரிடம் என்ன கேட்கப் போகிறார்? "கஷ்டமா இருந்ததா ஐயா?" எண்டு மட்டும்தான் கேட்கலாம்.

2022 இல் என்ன திருத்தினோம்

பழைய கதை எண்டு தள்ள வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாங்களே அனுபவித்தோம். ரூபாய் விழுந்தது, இறக்குமதிச் சாமான் விலை ஏறியது. அதுவரைக்கும் எறிந்த எல்.ஈ.டி. பல்புகளைத் திருத்துகிற வேலைக்கு மதிப்பு வந்தது.

அந்தப் பல்புக்குள்ளும் இதே பாடம் இருக்கிறது. உள்ளே சின்னச் சின்ன எல்.ஈ.டி.கள் தொடராக இருக்கும். ஒன்று அறுந்தால் முழுப் பல்பும் இருட்டு. மலிவான பல்புகள் பலவற்றில் ஓட்டத்தைத் தீர்மானிக்க ரெண்டு சின்னத் தடையிகள் சமாந்தரமாக இருக்கும். உதாரணத்துக்கு 4 ஓமும் 6 ஓமும் எண்டு வைத்தால் சமவலுத் தடை 2.4 ஓம். 6 ஓமைக் கழற்றிவிட்டால் 4 ஓம் மட்டும் மிஞ்சும். ஓட்டம் 60 சதவீதமாகக் குறையும். வெளிச்சம் கொஞ்சம் குறையும், சூடு நல்லாக் குறையும், பல்பு பல மடங்கு காலம் உழைக்கலாம். உலகம் முழுக்கப் பொழுதுபோக்கு மின்னியல்காரர் செய்கிற வேலை இது. பல்புக் கொம்பனிகள் ஓட்டத்தைக் கூட்டி வைத்து வெளிச்சத்தை விற்கின்றன. ஆயுளை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை ஒரு தடையியில் இருக்கிறது. அது அரசியல் கேள்வியும்தான். ஆனால் ஒரு எச்சரிக்கை: இந்தப் பல்புக்குள் 230 வோல்ற்று நேரடியாக வரும். பழக்கம் இல்லாதவர் திறக்கவே கூடாது. மேசையில் பழகுகிறவர் மின்கலத்தோட நிற்கட்டும்.

தொடருமில்லை, சமாந்தரமுமில்லை

பள்ளிக்கூடத்தில் இதைப் படிப்பிக்கிற முறையில் எனக்குப் பெரிய குறை ஒன்று இருக்கு. படங்கள் எல்லாம் வடிவாக நேர்கோட்டில் வரையப்பட்டிருக்கும். பார்த்த உடனே எது தொடர் எது சமாந்தரம் எண்டு தெரியும். நிஜப் போட்டில் அப்படி எதுவும் இருக்காது.

மூன்று 300 ஓம் தடையிகளை ஒரு வரிசையில் வையுங்கள். சந்திக்கிற புள்ளிகளுக்கு அ, ஆ, இ, ஈ எண்டு பெயர் போடுங்கள். இப்போது ஒரு கம்பியால் அ-வையும் இ-யையும் தொடுங்கள். இன்னொரு கம்பியால் ஆ-வையும் ஈ-யையும் தொடுங்கள். அ-வுக்கும் ஈ-க்கும் நடுவில் தடை எவ்வளவு? பார்க்கத் தொடர் மாதிரித்தான் இருக்கும், 900 எண்டு சொல்லத் தோன்றும். விடை 100. கம்பியால் தொடுத்த ரெண்டு புள்ளியும் மின்னியலில் ஒரே புள்ளிதான். இ-க்கு அ என்ற பெயரையும் ஈ-க்கு ஆ என்ற பெயரையும் போட்டுவிட்டுப் பார்த்தால் மூன்று தடையியும் அ-வுக்கும் ஆ-வுக்கும் நடுவில்தான் நிற்கின்றன. மூன்றும் சமாந்தரம். படம் எப்படிக் கிடக்குது என்பதைப் பார்க்காமல் யார் யாரோட தொடுபட்டிருக்கு என்பதைப் பார்க்க வேண்டும். சொந்த பந்தம் சொல்லுகிற மாதிரி: வீடு எங்க இருக்கு என்பது இல்லை விஷயம், யாருக்கு யார் என்ன முறை என்பதுதான்.

இன்னும் ஒரு படி போனால் தொடர், சமாந்தரம் ரெண்டுக்குள்ளும் அடங்காத வலைப்பின்னல்கள் வரும். ஐந்து தடையியால் ஒரு பாலம் கட்டலாம். நாலு பக்கமும் நடுவில் குறுக்காக ஒண்டும். எல்லாம் 1 கிலோஓம் எண்டால் ரெண்டு முனைக்கும் நடுவில் சமவலுத் தடை 1 கிலோஓம். நடுவில் இருக்கிறதைப் பிடுங்கி எடுத்தாலும் அதே 1 கிலோஓம். ஏனெண்டால் அதன் ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், அதற்குள்ளால் ஓட்டமே இல்லை. மல்டிமீற்றரில் இதைப் பார்க்கிறபோது உண்மையிலேயே ஒரு சின்ன அதிர்ச்சி வரும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் 2.2 கிலோஓமாக மாற்றுங்கள். இப்போது நடுத் தடையி விழித்துக்கொள்ளும், அதை எடுத்தால் அளவு மாறும். கூட்டுவதும் புரட்டுவதும் இங்கே உதவாது.

அப்ப எது உதவும்? குஸ்தாவ் கேர்ச்சோவ் 1845 இல் தன் விதிகளை எழுதினார். ஒரு சந்திக்குள் வருகிற ஓட்டமும் அதிலிருந்து போகிற ஓட்டமும் சமன். ஒரு வளையத்தைச் சுற்றி வந்தால் அழுத்த மாற்றங்களின் கூட்டுத்தொகை பூச்சியம். இந்த ரெண்டு வசனத்தாலும் எந்த வலைப்பின்னலையும் அவிழ்க்கலாம். அப்போது அவருக்கு 21 வயது, பல்கலைக்கழக மாணவன். நம்மட வயசு. 1899 இல் முக்கோணத்தை நட்சத்திரமாக மாற்றுகிற வழியை வெளியிட்ட ஆதர் கெனலி, பம்பாயின் கொலாபாவில் பிறந்தவர். வானத்தின் மேல் மின் படலம் ஒன்று இருப்பதாலேயே வானொலி அலைகள் தூரம் போகின்றன எண்டு 1902 இல் சொன்னவரும் அவர்தான். பிற்காலத்தில் டொய்ச்ச வெல்ல வானொலி திருகோணமலையில் சிற்றலை அஞ்சல் நிலையம் வைத்து ஒலிபரப்பினதும் அந்தப் படலத்தை நம்பித்தான். ஓம் தன் விதியைப் புத்தகமாக 1827 இல் வெளியிட்டபோது அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பூட்டுத் தொழிலாளியின் மகன். பரிசோதனைகளை அந்தப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே செய்தவர். இவர்களைப் பெரிய மேதைகள் எண்டு படமாகச் சுவரில் மாட்டி வைக்கிறோம். ஒருவர் மாணவன், இன்னொருவர் வாத்தியார் என்பதைச் சொல்லுவதில்லை.

எங்கிருந்து பார்க்கிறாய்?

தலைப்பில் இருக்கிற கேள்விக்கு வாறேன். 10, 20, 30 ஓம் தடையிகளால் ஒரு முக்கோணம் செய்யுங்கள். 10 ஓமின் ரெண்டு முனைக்கும் நடுவில் அளந்தால் ஏறத்தாழ 8.3 ஓம். 20 ஓமின் முனைகளில் 13.3. 30 ஓமின் முனைகளில் 15. ஒரே முக்கோணம், மூன்று விடை. "இந்த வலைப்பின்னலின் சமவலுத் தடை எவ்வளவு?" என்பது அரைக் கேள்வி. எந்த ரெண்டு புள்ளியில் நின்று பார்க்கிறோம் எண்டு சொன்னால்தான் அது முழுக் கேள்வி. கலைப்பீடத்தில் ஒரு சமூகத்தைப் பற்றி எழுதும்போது எந்த இடத்தில் நின்று எழுதுகிறாய் எண்டு கேட்கிறார்களே, அதே கேள்விதான். இங்கே அதை அளந்து காட்டலாம் என்பதுதான் வித்தியாசம்.

சுருக்கும்போது எதை இழக்கிறோம் என்பதும் இங்கே தெரியும். 10 ஓமும் 1000 ஓமும் சமாந்தரமாக இருந்தால் வெளியில் இருந்து பார்க்கிறவருக்கு 9.9 ஓம் என்ற ஒரு எண். உள்ளே யார் சுமக்கிறார், யார் கொதிக்கிறார், யார் சும்மா நிற்கிறார் எண்டு அந்த எண் சொல்லாது. வெளியே இருந்து கணக்குப் போட அது போதும். உள்ளே ஏதும் எரிஞ்சால் போதாது. ஒரு மாவட்டத்து மாணவரை இசட் புள்ளியாகவும் ஒரு பள்ளிக்கூடத்தைச் சித்தி வீதமாகவும் சுருக்கிப் பழகின நாட்டில், சமவலு என்றால் சமம் இல்லை எண்டு விளங்கிக்கொள்ள இதைவிட மலிவான பாடம் வேறு எங்கே இருக்கு?

அளப்பதே அளக்கப்படுவதை மாற்றும் என்பதும் இந்த மேசையில்தான் கண்ணால பார்க்கலாம். ரெண்டு 10 மெகாஓம் தடையிகளைத் தொடராக 9 வோல்ற்றில் கொழுவுங்கள். ஒவ்வொன்றிலும் 4.5 வோல்ற்று இருக்க வேணும். 10 மெகாஓம் உள்தடை உள்ள மீற்றரை ஒன்றின் மேல் வைத்தால் 3 வோல்ற்றுத்தான் காட்டும். மீற்றர் பழுது இல்லை. மீற்றரும் சமாந்தரமாகச் சுற்றுக்குள் சேர்ந்துவிட்டது. நேர்காணல் எடுக்கப் போகிற ஒவ்வொரு கலைப்பீட மாணவருக்கும் முதல் நாள் இதைக் காட்ட வேண்டும்.

யாருக்கு மேசை இருக்கு?

இலங்கையில் பத்தாயிரத்தை ஒட்டிய அரச பாடசாலைகள் இருக்கின்றன. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் அவற்றில் ஏறத்தாழ ஆயிரம்தான். கிராமத்துப் பாடசாலையில் படிக்கிற பிள்ளை கலைப்பிரிவுக்குப் போவது பல நேரம் விருப்பத்தால் இல்லை. பக்கத்தில் இருக்கிற பாடசாலையில் அது மட்டும்தான் இருக்கு. அதன்பிறகு "நீ கலைப்பிள்ளை, உனக்கு இது விளங்காது" எண்டு சொல்லுகிறோம். முதலில் வழியை அடைத்துவிட்டு, அந்த வழியால் போகாததை அந்தப் பிள்ளையின் குணமாகச் சொல்லுகிறோம். 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தது நல்ல விஷயம். ஆனால் அதுவும் ஒரு பிரிவு. நான் பேசுகிறது பிரிவைப் பற்றி இல்லை, பொதுவாக எல்லாருக்கும் இருக்க வேண்டிய ஒரு மேசையைப் பற்றி.

"எல்லாம் யூடியூப்பில் இருக்கே" எண்டு சொல்லுவீர்கள். இருக்கு. ஆனால் தமிழில் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இது தொகுபயன் மின்தடை, நாங்கள் சமவலுத் தடை. அவர்களுக்குப் பக்க இணைப்பு, எங்களுக்குச் சமாந்தரம். அவர்களின் மின்தடையம் எங்கட தடையி. காணொளிகளில் பாதிக்கு மேல் ஆங்கிலச் சொல்தான். ஒரே மொழிக்குள்ளேயே பதினைந்து வயதுப் பிள்ளை மூன்று தரம் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டியிருக்கு. இந்தச் சொற்களை ஒரு இடத்தில் ஒப்பிட்டு வைப்பதும், விளக்கங்களை எங்கட பேச்சில் எழுதுவதும் பொறியியல் பீடத்து வேலையா, எங்கட வேலையா? என்னைக் கேட்டால் எங்கட வேலைதான்.

"போனில் சிமுலேற்றர் இருக்கே" என்பது அடுத்த கேள்வி. அதுவும் நல்லதுதான். ஆனால் சிமுலேற்றரில் தடையி சூடாகாது, கம்பி கழராது, 1000 ஓம் எப்போதும் சரியாக 1000. கணக்குக்கும் அளவுக்கும் நடுவில் வருகிற வித்தியாசத்தை ஏன் எண்டு தேடுகிற பழக்கம் நிஜச் சாமானோடதான் வரும்.

ஆகவே நான் கேட்பது சின்ன விஷயம். ஊரில் இருக்கிற சனசமூக நிலையத்தில், நூலகத்தில், மாதத்தில் ரெண்டு சனிக்கிழமை ஒரு மேசை. 9 வோல்ற்று மின்கலம், மலிவான மல்டிமீற்றர் ஒண்டு, ஈயம் ஒட்டாமல் சாமானைக் குத்திப் பழகிற ஒரு பிரெட்போட், 1 கிலோஓம் தடையிகள் இருபது, வேறு பெறுமானங்களில் கொஞ்சம். தடையி ஒண்டு சில ரூபாய்தான். மல்டிமீற்றர் கொஞ்ச மாத டேட்டாக் காசு, அதையும் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம். சட்டம் ரெண்டே ரெண்டு. வீட்டு மின்சாரத்தைத் தொடக் கூடாது. அளக்க முதல் விடையை ஊகித்துத் தாளில் எழுத வேண்டும். முதல் நாள் மூன்று தடையிச் சமாந்தரம். ரெண்டாம் நாள் கம்பி போட்டு ஏமாற்றுகிற வரிசை. மூன்றாம் நாள் முக்கோணம். நாலாம் நாள் ஐந்து தடையிப் பாலம். திருத்துகிற கடை அண்ணாமாரை வந்து பேசச் சொல்ல வேண்டும், அவர்களுக்கு அதற்குரிய மரியாதையோட. டைனமோவில் வானொலி கேட்ட அம்மம்மா, அப்பப்பாமாரையும் கூப்பிட வேண்டும். வருகிற பிள்ளை எந்தப் பிரிவு எண்டு யாரும் கேட்கக் கூடாது.

எங்கட வட்டத்திலேயே இதைத் தொடங்கலாம். பெட்டியில் பழைய மல்டிமீற்றர் சும்மா கிடக்கிற யாராவது இருந்தால் சொல்லுங்கோ. தடையிகளுக்கு நான் பொறுப்பு. சொற்பட்டியலை எழுதவும் தொடங்கிவிட்டேன், இப்ப முப்பது சொல் தாண்டியிருக்கு.